ஐஸ் ஹவுஸும் அடுக்களையும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம், கடலுக்கு முகம் காட்டி வட்டமாக நிற்கும் பழைய கட்டடம் ஒன்றில், மேல்நாட்டுப் பிரயாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிய விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒன்பது நாள் தங்கினார் என்பதும், அதன் காரணமாகவே 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது என்பதும் பலரும் அறிந்த விஷயங்கள். ஆனாலும் அந்த வட்டாரத்துக்குப் போக ஆட்டோ பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்குள்ள போலீஸ் நிலையமும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சுவாமிகள் தங்கியபோது அது பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் மாளிகை. அதை விலைக்கு வாங்கிய அவர், ஜன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்து மனிதர் வசிக்கத் தக்கதாக்கி, நீதிபதி கெர்னனின் பெயரால் ‘காஸில் கெர்னன்’ என்று அழைத்தார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைப் படிக்க வைத்த விடுதியாகவும் அது விளங்கிற்று. இத்தனை மகான்களும் புண்ணியவதிகளும் வாசம் செய்த இடத்துக்கு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்திராத ஒரு சரக்கின் பெயர் இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டது என்றால், அந்தச் சரக்கு நம் ஊர்க்காரர்களை எவ்வளவு பிரமிக்க வைத்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தச் சரக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களின் மேற்பரப்பை அறுத்து, பாளம் பாளமாகக் கப்பலேற்றி, உலகின் உஷ்ணப் பிரதேசங்களில் விற்கலாம் என்று பாஸ்டன் நகரத்து இளைஞர் பிரெடரிக் டியூடர் எண்ணியபோது, ஊரார் அவரைப் பித்தர் என்றே கருதினர். 1806-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் இருபத்திரண்டாம் வயதில், அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்குத் தம் முதல் கப்பலைச் செலுத்தினார். ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் சேர்ந்த இடத்தில் அதை வைக்க ஒரு கிடங்கு இல்லை. வாங்கிப்போன ஜனங்களுக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் நடுப்பகலில் அதை வெயிலில் தூக்கிச் சென்று, வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, உருகுகிறதே என்று குறைப்பட்டார். ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். இன்னொருவர் கெடாமல் இருக்கட்டும் என்று உப்பைப் போட்டு வைத்தார். இவற்றையெல்லாம் டியூடர் ஒரு கடிதத்தில் ஆற்றாமையோடு குறிப்பிட்டிருக்கிறார்.

உறைந்த பொருளை வீட்டுக்கு எடுத்துப்போன மனிதன் அதை எப்படி நடத்துவது என்று தெரியாமல் விழித்த முதல் காட்சி இதுவென்று சொல்லத் தோன்றுகிறது. குளிரைப் பற்றிய சரித்திரங்களில் உறைய வைத்தவர்களின் பெருமையே பெரிதும் பேசப்படுகிறது. அந்தச் சரித்திரத்தின் முக்கால் பங்கு உருகுதலைப் பற்றியது என்பது என் அபிப்பிராயம். எப்படி உருகாமல் வைப்பது, உருகியதால் என்ன நஷ்டம், உருக்க வேண்டியபோது எப்படி உருக்குவது என்ற கேள்விகளே கப்பல்காரனையும் கசாப்புக்காரனையும் விஞ்ஞானியையும் கடைசியில் இல்லத்தரசியையும் ஒருவர் பின் ஒருவராக வாட்டி எடுத்தன.

டியூடர் தோல்வியினால் சோர்ந்துவிடவில்லை. கடனுக்காகச் சிறை சென்று மீண்டும், அவர் தம் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பனிக்கட்டியை வைக்கோலைக் காட்டிலும் மரத்தூள் நன்றாகக் காக்கிறது என்று கண்டார். மெய்ன் மாகாணத்து மரவாடிகளில் அது கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. 1825-ஆம் ஆண்டு வாக்கில் நத்தானியல் வையத் என்பவர் குதிரை பூட்டி இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கிக் கொடுத்தார். அதனால் பாளங்கள் ஒரே அளவாக, சந்து விழாமல் அடுக்கத் தக்கனவாக அறுபட்டன. சந்து இல்லையேல் காற்றில்லை, காற்று நுழையாவிட்டால் உருகுதலும் குறைவு. இந்தியாவுக்குச் சரக்கு எடுக்க வரும் பாஸ்டன் கப்பல்கள் வரும்போது ஏறக்குறைய வெறுமையாகவே வந்தன. ஆகவே கப்பல் கூலியும் அற்பமாயிற்று. 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸைச் சுமந்துகொண்டு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. கம்பெனி அரசாங்கம் அதற்குச் சுங்கத்தை விலக்கியதோடு, வெயிலுக்கு அஞ்சி இரவில் சரக்கிறக்கவும் அனுமதித்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பட்டணங்களிலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. 1842-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த சென்னைக் கிடங்கு ஒன்றே இன்றளவும் நிற்கிறது.

அதற்கு முன் இந்த தேசத்தில் ஐஸே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அக்பர் பாதுஷாவின் காலத்தில் மலையிலிருந்து பனிக்கட்டி லாகூருக்கு வந்ததையும், வெடியுப்புக் கலந்த நீரில் குடிதண்ணீரைக் குளிர வைத்ததையும் அபுல் பசல் எழுதியிருக்கிறார். வங்காளத்திலும் அலகாபாத்திலும் குளிர்கால இரவுகளில், குழிகளில் பரப்பிய வைக்கோலின்மேல் ஆழமற்ற மண் தட்டுகளை வரிசையாக வைத்து நீர் ஊற்றி, விடியுமுன் படிந்திருக்கும் மெல்லிய ஐஸ் ஏட்டைப் பெயர்த்தெடுத்துச் சேர்க்கும் தொழில் நடந்து வந்தது. சென்னையின் மார்கழிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நமக்கு வாய்த்தவை உப்பும் வெயிலும் புளியும். அவற்றைக்கொண்டு கருவாடும் உப்புக்கண்டமும் வற்றலும் ஊறுகாயும் செய்தோம். மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தோம். மற்றதை அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே தீர்த்தோம். பக்குவமாகச் செய்த வற்றலும் ஊறுகாயும், ஈரம் படாத வரையில், நம்முடைய அஜாக்கிரதையைப் பொறுத்துக்கொள்ளும். குளிர் அப்படிப் பொறுப்பதில்லை.

நூற்றெண்பது டன்னில் பாதிக்கு மேல் நான்கு மாத காலம் எப்படித் தாங்கிற்று? அதற்கான விடையை டியூடர் பிறப்பதற்கு முன்பே, 1760-களின் தொடக்கத்தில், கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். உறைநிலையில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி அதே நிலையில் தண்ணீராவதற்கு மட்டும் சுமார் 80 கலோரி உஷ்ணம் செலவாகிறது. அவ்வளவு உஷ்ணத்தை அந்தத் தண்ணீருக்கு மறுபடி கொடுத்தால் அது கை வைக்க முடியாதபடி 80 டிகிரிக்குக் கொதிப்பேறிவிடும். வெப்பமானி அசையாமல் நிற்கையிலேயே உள்ளே இவ்வளவு உஷ்ணம் மறைந்து போகிறதென்பதை அதற்கு முன் எவரும் அறியவில்லை. அப்படி இராவிட்டால், வசந்தத்தின் முதல் வெயிலில் மலைப்பனி அனைத்தும் ஒரேயடியாக உருகிப் பள்ளத்தாக்குகளைப் பிரளயத்தில் ஆழ்த்தியிருக்கும் என்று பிளாக் சுட்டிக்காட்டினார். டியூடரைச் செல்வந்தராக்கியதும் இந்த மறைந்த உஷ்ணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்தாளி வாசலில் நிற்க, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழி மசிய மாட்டேன் என்று கல்லாய்க் கிடப்பதற்குக் காரணமும் அதேதான்.

சென்னையில் அந்த ஐஸ் பானங்களைக் குளிர்விக்கவும், வெண்ணெயை இறுக வைக்கவும், ஜுர நோயாளிகளின் நெற்றியில் வைக்கவுமே பயன்பட்டது. மாமிசத்தையோ மீனையோ மாதக்கணக்கில் உறைய வைக்கலாம் என்ற யோசனை அப்போது இங்கில்லை. 1874-இல் சென்னையிலும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் வங்காளத்திலும் இயந்திர ஐஸ் கம்பெனிகள் தொடங்கப்பட்டதும் அமெரிக்கக் குளத்து ஐஸின் வியாபாரம் மங்கி மறைந்தது.

உறைந்த உணவின் கதை தொடங்கியது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான். அங்கே மனிதர்களைவிட ஆடுகள் பன்மடங்கு. இங்கிலாந்திலோ மாமிசத்துக்குப் பஞ்சம். இடையே மூன்று மாதக் கடல், அதுவும் வெப்ப மண்டலத்தை ஊடுருவிச் செல்லும் கடல். ஜீலாங் நகரத்துப் பத்திரிகாசிரியர் ஜேம்ஸ் ஹாரிஸன், உலகில் முதன்முதலாக வியாபார ரீதியில் ஐஸ் இயந்திரம் செய்தவர்களில் ஒருவர். மாதக்கணக்கில் உறைந்திருந்த மாமிசத்தை 1873-இல் மெல்போர்ன் கண்காட்சியில் பகிரங்கமாகக் காட்டிப் பரிசும் பெற்றார். அதே ஆண்டில் இருபது டன் மாமிசத்தை ‘நார்ஃபோக்’ கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார். கப்பலில் அவர் வைத்தது இயந்திரத்தை அன்று, ஐஸும் உப்பும் கலந்த தொட்டிகளை, வழியில் அவை கசிந்தன, மாமிசம் இளகிற்று, துர்நாற்றம் தாங்காமல் கடலில் கொட்டப்பட்டது. ஹாரிஸன் நொடித்துப்போனார்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1882 பிப்ரவரி 15-ஆம் தேதி, நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் சுமார் 5000 உரித்த ஆடுகளோடு புறப்பட்டது. பாய்களால் ஓடும் கப்பலின் வயிற்றில், குளிரை உண்டாக்குவதற்கென்றே ஒரு நீராவி இயந்திரம் ஓடிற்று. அதன் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பாய்களைப் பற்றிக்கொண்டு எரித்ததும் உண்டு. வெப்ப மண்டலத்தில் காற்றில்லாமல் கப்பல் அசைவற்று நின்றபோது, கிடங்கின் சில மூலைகளுக்குக் குளிர்காற்று எட்டவில்லை. கப்டன் விட்ஸன் குழாயினுள்ளே தாமே தவழ்ந்து சென்று புதுத் துவாரங்கள் அறுக்க முற்பட்டு, அங்கேயே விறைத்துப்போனார். துணைவர்கள் அவர் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்து உயிர் தப்புவித்தனர். தொண்ணூற்றெட்டு நாள் பிரயாணத்தின் முடிவில், மே 24-ஆம் தேதி லண்டனை அடைந்த அத்தனை ஆடுகளில் ஒன்றே ஒன்றுதான் தள்ளுபடி ஆயிற்று.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் வேறொரு சங்கடம் எழுந்தது. உறைந்த ஆட்டிறைச்சி ஓரளவு தேறிவிட்டது. உறைந்த மாட்டிறைச்சியோ, கடைக்காரன் அதை இளக வைத்தவுடன், செந்நீரை வடித்துக்கொண்டு துவண்டு, நிறம் மங்கி, அண்ணாந்து பார்க்கும் வாடிக்கைக்காரருக்கு அருவருப்பைத் தந்தது. அதனால்தான், தூரம் குறைந்த அர்ஜென்டினாவிலிருந்து உறையாமல் வெறுமே குளிர்ந்த நிலையில் வந்த மாட்டிறைச்சி, ஆஸ்திரேலியாவின் உறைந்த சரக்கை லண்டன் சந்தையில் நெடுங்காலம் பின்தள்ளி வைத்தது. ஆடு சிறிய உடல், விரைவில் உறைந்துவிடுகிறது. மாட்டின் பருத்த துடை உறைய நாள் பிடிக்கிறது. செந்நீருக்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெளிவாக விளங்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அதை விளங்க வைத்தவர்களில் பெயர் நிலைத்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. நியூயார்க்கின் புரூக்ளினில் 1886-இல் பிறந்த இவர், நரித்தோல் வியாபாரத்துக்காக 1912-இல் இன்றைய கனடாவின் வடகிழக்கிலுள்ள லாப்ரடார் பிரதேசத்துக்குப் போனார். அங்கே இனூயிட் மக்கள், மைனஸ் 40 டிகிரிக் குளிரில், பனியில் துளையிட்டுப் பிடித்த மீனை வெளியே எறிந்ததும் அது கண்ணெதிரே விறைத்துப் போவதையும், மாதங்கள் கழித்து அதைச் சமைத்தால் புதுமீனின் சுவை இருப்பதையும் கண்டார். நாம் மெச்ச வேண்டியது அடுத்த அவதானிப்பை: கடுங்குளிர்க் காலத்தில் உறைந்த இறைச்சி நன்றாக இருக்க, இளங்குளிரில் மெதுவாக உறைந்தது சுவை கெட்டிருந்தது. மெதுவாக உறையும்போது நீர் பெரும் படிகங்களாகத் திரண்டு, தசையின் நுண்ணறைச் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. பின்னர் இளகுகையில் அறைக்குள் இருக்க வேண்டிய சாறு வெளியே வடிகிறது. விரைவில் உறைந்தால் படிகங்கள் நுண்ணியவை, சேதமும் சொற்பம். இதை அறிந்த இனூயிட் மக்களுக்கு உரிமைப்பத்திரம் எடுக்க வேண்டிய அவசியம் நேரவில்லை, பேர்ட்ஸ்ஐ எடுத்தார். மாசசூசெட்ஸில் குளோஸ்டர் என்ற மீன்பிடித் துறையில், இரண்டு குளிர்த்தகடுகளுக்கிடையே மெல்லிய பெட்டிகளை அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை அமைத்தார்; 1929-இல் தம் உரிமைகளை 220 லட்சம் டாலருக்கு விற்றார்; 1930 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் 18 கடைகளில் மீனும் இறைச்சியும் பட்டாணியும் பழமும் உறைந்த பொட்டலங்களாக முதன்முதலில் விற்பனைக்கு வந்தன.

பட்டாணியின் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. பச்சைக் காய்கறியை அப்படியே உறைய வைத்தால், அதிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை செய்து, சில வாரங்களில் காய்ந்த புல்லின் வாடையைக் கொண்டுவந்துவிடும். கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் வடித்து உறைய வைத்தால் அந்த உபத்திரவம் இல்லை. வடநாட்டில் மார்கழி, தை மாதங்களில் மலிந்து கிடக்கும் பட்டாணி இப்போது ஆண்டு முழுதும் நம் ஊர்க் கடைகளில் பச்சை மாறாமல் கிடைப்பது இந்த முறையால்தான். மலிவுக் காலத்தில் வாங்கி உரித்து வீட்டிலேயே சேமிக்க நினைக்கிறவர்கள் கொதிநீரைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் ஃப்ரீசரைக் குறை சொல்கிறார்கள்.

தொழிற்சாலையின் குளிரை வீட்டின் குளிராக்கியவர்களில் மேரி எங்கிள் பென்னிங்டன் என்ற அம்மையாரை நான் முதன்மையாக மதிக்கிறேன். 1872-இல் பிறந்தவர்; பென்சில்வேனியா சர்வகலாசாலையில் படித்துத் தேறியும், பெண் என்ற ஒரே காரணத்தால் இளநிலைப் பட்டம் மறுக்கப்பட்டவர்; அதே சர்வகலாசாலையில் 1895-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். அரசாங்க ரசாயன இலாகாவின் பரீட்சையை, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி வெறும் எம். இ. பென்னிங்டன் என்ற கையெழுத்தில் எழுதி வேலைக்குச் சேர்ந்தார். கோழியும் முட்டையும் பாலும் கொட்டிலிலிருந்து சமையலறை வரும் வழியில் எந்தெந்த இடத்தில் சூடேறிக் கெடுகின்றன என்று ரயில் வண்டிகளிலேயே பிரயாணம் செய்து ஆராய்ந்தார். பிறகு 1923 முதல், இல்லத்தரசிகளுக்கென்றே சிறு பிரசுரங்கள் எழுதி வெளியிட்டார்: பெட்டியின் எந்தத் தட்டில் எதை வைப்பது, எப்படி மூடுவது, எத்தனை நாள் தாங்கும் என்பன போன்ற, பெரிய விஞ்ஞானிகள் கௌரவக் குறைவாக நினைத்து ஒதுக்கிய விஷயங்கள் அவை.

எவ்வளவு குளிர் போதும் என்பதற்குத் தீர்மானமான விடை அவருக்குப் பின்னரே கிடைத்தது. கலிபோர்னியாவில் ஆல்பனி என்னும் ஊரிலுள்ள அரசாங்க ஆராய்ச்சிசாலை, 1948-ஆம் ஆண்டு முதல் ஏராளமான உறைந்த பதார்த்தங்களைப் பலவிதக் குளிர்நிலைகளில் மாதக்கணக்கில் வைத்து ருசி பார்த்து, பாரன்ஹீட் பூஜ்யம், அதாவது நம் கணக்கில் மைனஸ் 18 டிகிரி, என்ற வரம்பை ஊர்ஜிதம் செய்தது. அதற்கு மேலே சில டிகிரி ஏறினாலும் பதார்த்தத்தின் ஆயுள் வேகமாகக் குறைகிறது. அந்தப் பூஜ்யம் தற்செயலாக அமைந்ததன்று. ஐஸும் உப்பும் கலந்து தம்மால் உண்டாக்க முடிந்த கடுங்குளிரையே பாரன்ஹீட் தம் அளவையின் தொடக்கமாக வைத்தார் என்பர். மார்ட்டினிக்குத் தீவில் ஐஸில் உப்பைப் போட்ட அந்த மனிதர், ஐஸை இழந்தாலும், ஒரு கணம் நல்ல குளிரைக் கண்டிருப்பார்.

நம் தேசத்தில் குளிர்ப்பெட்டியின் உற்பத்தியை கோத்ரெஜ் நிறுவனம் 1958-இல் தொடங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1953-இல், கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியிருந்தது. தூத்துக்குடியும் பின்னர் அதில் சேர்ந்துகொண்டது. ஆக, நம் கடலின் உறைந்த இறால் நம்மைக் காட்டிலும் முன்னதாக அமெரிக்க வீட்டுச் சமையலறைகளைப் பார்த்தது. நம் வீடுகளுக்கு வந்த பெட்டியோ முதலில் இட்லி மாவுக்கும், பாலுக்கும், கொத்தமல்லிக் கட்டுக்கும் அடைக்கலம் கொடுத்தது. மேலே சிறு கதவுக்குள் இருந்த இடத்தில் ஐஸ் கட்டித் தட்டுகளே வாசம் செய்தன.

மீனில் மட்டும் நமக்கு ஒரு பழைய வைராக்கியம். காசிமேட்டில், ஆள் உயர ஐஸ் பாளங்களை லாரியிலிருந்து சறுக்கி இறக்கி, பல் வைத்த இயந்திரத்தின் வாயில் தள்ள, அது கடகடவென்று அரைத்துக் கூடைகளில் துப்புவதைப் பார்த்தவர்கள்கூட, கடையில் வந்து, ‘ஐஸ் மீனா, பச்சை மீனா?’ என்று கேட்கத் தவறுவதில்லை. ஐஸில் புதைத்த மீன் உறைந்த மீன் அன்று; அது பூஜ்ய டிகிரிக்கு அருகில் குளிர்ந்து மட்டும் இருக்கிறது. அன்றியும், வெப்பக் கடலின் மீன், ஐஸில் வைத்தால், குளிர்க் கடலின் மீனைவிடப் பொதுவாக அதிக நாள் தாங்கும். அதன்மேல் வாழும் கிருமிகள் சூட்டுக்குப் பழகியவையாதலால் குளிரில் முடங்கிவிடுகின்றன. ஐஸ் இல்லாமல் வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த ‘பச்சை’ மீனைவிட, பிடித்தவுடன் ஐஸில் போட்டது எவ்வளவோ உத்தமம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இந்த வித்தியாசம் ஆபத்தான அளவுக்குப் போகும். அவை சூட்டில் கிடந்தால் கிருமிகளின் வேலையால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேருகிறது. ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஃப்ரீசரும் அதை அகற்றாது, அடுப்பும் அகற்றாது. முகம் சிவந்து, உடல் தடித்து, தலை இடிப்பதுதான் பலன்.

குளிர், கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றை உறங்க வைக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் பெருக முடியாமல் கிடக்கும் அவை, ஐந்து டிகிரியைத் தாண்டியதும் சோம்பல் முறித்து, அனுகூலமான சூட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லவை; அறுபது டிகிரிக்கு மேல்தான் அவற்றின் ஆட்டம் அடங்கும். இந்த இரண்டு எண்களுக்கு இடையே உணவு எவ்வளவு நேரம் கழிக்கிறது என்பதே முழு விஷயமும்.

இங்கேதான் பிளாக்கின் மறைந்த உஷ்ணம் மறுபடி குறுக்கிடுகிறது. உறைந்த கோழியைச் சமையல் மேடையில் வைத்தால், முதலில் இளகுவது அதன் வெளிப்புறம். உறைந்த நிலையில் உஷ்ணத்தை நன்றாகக் கடத்திய அதே சதை, இளகியதும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கடத்துகிறது. ஆகவே இளகிய புறத்தோல், உறைந்த உள்நெஞ்சுக்குக் கம்பளி போர்த்தினாற்போல் ஆகி, மேற்கொண்டு உஷ்ணம் புகாமல் தடுக்கிறது. உறைவதற்கு ஆன நேரத்தைக் காட்டிலும் இளகுவதற்கு நீண்ட நேரம் பிடிப்பது இதனால்தான். உள்ளே எலும்பருகில் விரலை வைத்தால் கல். வெளியே இறக்கையின் மடிப்போ அறையின் சூட்டை அடைந்து, வடிந்த சாற்றில் ஊறிக்கொண்டிருக்கும். மேல்நாட்டு நூல்கள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும், வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே என்றும் சொல்கின்றன. அந்த இரண்டாவது வாக்கியம் அவர்களுக்கு விதிவிலக்கு. சென்னையில் பங்குனி முதல் புரட்டாசி வரை அதுவே விதி. காலையில் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஆபீஸிலிருந்து திரும்பி வந்து சமைக்கிற வழக்கம் நம் சீதோஷ்ணத்துக்குச் சற்றும் பொருந்தாது.

முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஆழமான பாத்திரத்தில் வைத்து, வடியும் நீர் மற்றவற்றின்மேல் சொட்டாதபடி குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக விடுவதே தலைசிறந்த மார்க்கம். இரண்டு கிலோ கோழிக்கு ஏறக்குறைய ஒரு நாள் கொடுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால், நீர் புகாத பையில் இறுகக் கட்டி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம்; அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம் என்பது உத்தேசக் கணக்கு. வெந்நீரில் போடுவது வேகத்துக்காகக் கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். மைக்ரோவேவில் இளக வைத்தால் ஓரங்கள் சற்றே வெந்தும் நடு உறைந்தும் இருக்கும். அதை உடனே அடுப்பேற்றிவிட வேண்டும். பெட்டிக்குள்ளேயே இளகிய கோழியை, மனம் மாறினால், மறுபடி உறைய வைக்கத் தடையில்லை. சாறு மேலும் கொஞ்சம் வடியும், சுவை குறையும், அவ்வளவுதான். வெளியே இளகியதற்கு இந்தச் சலுகை கிடையாது.

புயற்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையின் பல வட்டாரங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்போது பலரும் செய்தது, எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று மணிக்கொருமுறை கதவைத் திறந்து பார்த்ததுதான். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். டியூடரின் கப்பலைப் போலவே, நெருக்கமாக அடுக்கியதுதான் நெடுநேரம் உருகாமல் இருக்கிறது. மின்சாரம் வந்தபின், இன்னும் ஐஸ் படிகங்கள் உள்ளே நறநறக்கும் பொட்டலங்களைத் திரும்ப உறைய விடலாம். துவண்டு இளஞ்சூடாகிப் போனதை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வீண். நோய் தரும் கிருமிகளில் பல, வாடையை உண்டாக்குவதில்லை.

பட்டாணியையும் சோளத்தையும் இளக வைக்கவே வேண்டாம். உறைந்தபடியே கொதிக்கும் குருமாவில் போடுவதுதான் அவற்றுக்கு நலம். மெல்லிய மீன் துண்டுகளையும் குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அப்படியே இறக்கிவிடலாம். கோழித் துண்டுகளையும் உறைந்தபடியே சமைக்கலாம், ஆனால் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் கொடுத்து, எலும்பை ஒட்டிய இடத்திலும் 74 டிகிரி ஏறியதா என்று பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், பருத்த துண்டு ஒன்றைப் பிளந்து, எலும்போரம் வரை சதை வெளுத்து வெந்திருக்கிறதா, உள்ளிருந்து ஆவி கிளம்புகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முழுக்கோழியை மட்டும் உறைந்தபடி சட்டியில் வைக்க வேண்டாம்; மேலே கருகும்வரை உள்ளே ஐஸ் ஹவுஸாகவே இருக்கும்.